ம் கொட்டுகிறவள்

எங்கள் ஊர்ப் பக்கம் விதை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, இன்னும் கையால்தான் உடைக்கிறோம். மிஷினில் போட்டால் பருப்பு பிளந்துபோகும். பிளந்த பருப்பு முளைக்காது. அதனால் விதைப்புக்கு முன்னால் பத்துப் பதினைந்து நாள் எங்களுக்கு அந்த வேலை இருக்கும். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் பஸ்ஸில் வந்து இறங்கி உள்ளே நடந்தால் ஒரு தண்ணீர் டேங்க் வரும். அதன் பக்கத்தில் இருக்கும் தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து உடைப்போம். இரண்டு பேருக்கு ஒரு முறம். எனக்கு ஜோடி எப்போதும் எதிர்வீட்டு அக்காதான்.

சொந்தம் கிடையாது. ஒரே தெரு, அவ்வளவுதான். என்னைவிடப் பத்து வயது பெரியவள். கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. ஒரே மகன், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கிறான். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வாரமே அக்கா என்னைத் தன் முறத்துக்கு எதிரே உட்காரவைத்துக்கொண்டாள். காரணம் கேட்டவர்களிடம், இவள் நன்றாக ம் கொட்டுகிறாள் என்றாளாம்.

அக்கா கதை சொல்லுவாள். கை உடைத்துக்கொண்டே இருக்கும், வாய் சொல்லிக்கொண்டே இருக்கும். ராஜா கதை, பேய் கதை, மாமியார் கதை, எங்கேயோ கேட்டது, அவளே கட்டியது எல்லாம் வரும். கதை கேட்கிறவர்களில் ஒருவர் ம் கொட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொல்கிறவர் ஒரு பேச்சு சொல்லி நிறுத்துவார். ம் வந்தால்தான் அடுத்த பேச்சு. வராவிட்டால் கேட்கிறவர் தூங்கிவிட்டார், அல்லது கதை பிடிக்கவில்லை என்று அர்த்தம். கதையை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. எல்லாரும் சேர்ந்து கொட்டினால் இரைச்சலாகிவிடும் என்பதால் ஒருவர்தான் கொட்ட வேண்டும். எங்கள் கொட்டகையில் அது நான்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. வகுப்பில் பதில் தெரிந்தாலும் எழுந்து நின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். வாயைத் திறந்து பேசு, வாயைத் திறந்து பேசு என்று எல்லா டீச்சரும் சொல்லியிருக்கிறார்கள். பத்தாவதோடு நின்றதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம் என்றால் இதுவும் ஒரு காரணம். மாதா கோயிலில் பூசை நேரத்தில் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லும்போது மட்டும் என் குரல் நன்றாக வரும். கூட்டத்தில் அது என் குரல் என்று யாருக்கும் தெரியாது. அக்காவின் எதிரே உட்கார்ந்து ம் கொட்டுவது எனக்கு அதைவிடச் சுலபம். ம் என்பதற்கு வாயையே திறக்க வேண்டாம்.

ஆனால் எல்லா ம்மும் ஒன்று இல்லை. ராஜா செத்தால் மெதுவாகக் கொட்ட வேண்டும். மாமியார் சேற்றில் வழுக்கி விழும்போது கொஞ்சம் இழுத்துக் கொட்ட வேண்டும். பேய் கதவைத் தட்டும் இடத்தில் சீக்கிரம் கொட்டிவிட வேண்டும், தாமதித்தால் பயம் போய்விடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருபது வருடத்தில் அக்கா மூச்சு எடுக்கும் விதத்தை வைத்தே எந்த ம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவும் என்னை வாயைத் திறந்து பேசச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சொல்றத வாய தொறந்து சொல்லேண்டி. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். இவள் மல்லாட்டையை வாயிலேயே அடக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். ஊரே சொல்லலாம், அக்கா சொல்லக்கூடாது என்று எனக்கு ஓர் எண்ணம். இத்தனை வருடம் என்னை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவள்தானே. மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும். நான் வேறு ஒருத்தியோடு முறத்தை மாற்றிக்கொண்டு நாலு நாள் தள்ளி உட்கார்ந்தேன். அந்த நாலு நாளும் அக்கா கதை சொல்லவில்லை. ஐந்தாம் நாள் நானே போய் எதிரே உட்கார்ந்தேன். அவள் ஒரு கைப்பிடி மல்லாட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கதையைத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மல்லாட்டைத் தூசு என் தொண்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ம் கொட்ட முடியவில்லை. அக்கா நிறுத்துவாள் என்று பார்த்தேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கதையைத் தொடர்ந்தாள். எனக்கு விசித்திரமாக இருந்தது. தொண்டை சரியான பிறகும் வேண்டுமென்றே ம் கொட்டாமல் இருந்தேன். அக்கா ஒவ்வொரு பேச்சுக்கும் நிறுத்தினாள், ஒரு ம்முக்கு உண்டான நேரம் காத்திருந்தாள், மேலே போனாள். வராத ம்மை வந்ததாக வைத்துக்கொண்டு கதை போய்க்கொண்டிருந்தது.

அக்காவுக்குக் காது கேட்கவில்லை.

எவ்வளவு நாளாக என்று எனக்குத் தெரியவில்லை. ம் கொட்டும்போது உதடு அசையாது. அதனால் என் முகத்தைப் பார்த்தாலும் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. குத்துமதிப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள், தொலியைத் தட்டுவது போல, முறத்தின் விளிம்பில் விரலால் இரண்டு தட்டு தட்டினேன். முறத்தின் மறு விளிம்பு அக்காவின் முழங்காலில் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கதையைத் தொடர்ந்தாள். அன்றிலிருந்து வாயால் ஒரு ம், விரலால் ஒரு தட்டு. ராஜா செத்தால் மெதுவாகத் தட்டுவேன். பேய் வந்தால் சட்டென்று தட்டுவேன். கதை பழையபடி நன்றாக வந்தது.

தெரியும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. தெரிந்துவிட்டதா என்று அவளும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு முறை அக்கா பைப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டபோது மகன் வந்திருந்தான். நல்ல பிள்ளை. இனி கண்ணோ காதோ காலோ ஏதாவது ஒன்று உனக்குச் சரியில்லை என்று தெரிந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கையோடு கூட்டிப்போய்விடுவேன், தனியாக விடமாட்டேன் என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். அக்கா ஒரு தடவை அவன் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்திருக்கிறாள். மூன்றாவது மாடி. மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போனால் நாள் முழுக்க ஆள் கிடையாது.

"அங்க செவுத்துக்குத்தான் கதை சொல்லணும்" என்று என்னிடம் சொன்னாள். "செவுரு ம் கொட்டுமா?"

அதனால் அவள் காது விஷயம் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த முறத்தோடு நின்றது.

போன வருடம் ஹைஸ்கூல் டீச்சர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். அக்கா சொன்ன இரண்டு கதையைப் போனில் பதிவுசெய்துகொண்டார். விழுப்புரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை விழா நடக்கப்போகிறது, திருவெண்ணெய்நல்லூர், வானூர் பக்கமிருந்தெல்லாம் வாய்க்கதை சொல்கிறவர்கள் வருகிறார்கள், அக்காவும் வர வேண்டும் என்றார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருகிறேன் என்றாள். கொட்டகையில் எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் கொடுத்த விழாப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், ஊர், வயது, வீட்டார் போன் நம்பர். அதற்குக் கீழே, மேடையில் ஏதாவது உதவி தேவையா என்று ஒரு கேள்வி இருந்தது. தாளைப் பார்த்துக் குனிந்தபடியே அதைப் படித்தேன். அக்கா ம் என்றாள். என்ன உதவி என்று கேட்டேன். அதற்கும் ம் என்றாள். நாலு பேர் பேசும் இடத்தில் அக்காவும் ம் கொட்டிச் சமாளிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வேலையை அவளும் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

உதவி தேவை என்று எழுதினால் என்ன உதவி என்று டீச்சர் கேட்பார். மகனுக்குப் போன் போகும். நான் இல்லை என்று எழுதினேன்.

விழா அன்று முறத்தை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். கையில் ஏதாவது இருந்தால் உனக்குக் கதை தோதாக வரும் என்று அக்காவிடம் சைகையும் பேச்சுமாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். திண்டிவனத்தில் இறங்கி விழுப்புரம் பஸ் மாறினோம். முறத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கண்டக்டர் கேட்டார். அக்கா அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டுச் சரியான நேரத்தில் சிரித்தாள். இப்படித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள்.

மகன் ஒரகடத்திலிருந்து நேராக வந்து விழா நடந்த பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தான். அம்மா மேடை ஏறப்போகிறாள் என்று புதுச் சட்டை போட்டிருந்தான். அக்காவுக்கு அவனைப் பார்த்த சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. என் கையை விடவில்லை.

ஒரு பெரிய ஹாலில் விழா. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ஜமக்காளம் விரித்து, மேடை செய்திருந்தார்கள். இருநூறு பேராவது இருப்பார்கள். விழா வேலை செய்கிறவர்கள் ஒரே மாதிரி பனியன் போட்டிருந்தார்கள், அவர்களில் ஒரு பெண் எங்களிடம் ஓடி வந்தாள். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த முறத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. மேடைக்குப் பின்னால் மாட்டுவதற்கு இந்த மாதிரிப் பொருள்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

"எடுத்துக்கட்டுமா மேடம்?"

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அது எங்களுக்கு வேண்டும் என்று சொல்லத்தான் நினைத்தேன். பனியன் போட்ட வேறு நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். உதடு ஒட்டிக்கொண்டது. என் வாயிலிருந்து வந்தது ம்தான்.

பத்து நிமிடத்தில் முறம் மேடையின் பின்சுவரில் இருந்தது. ஒரு பக்கம் லாந்தர் விளக்கு, இன்னொரு பக்கம் மாட்டு மணி. முறத்தின் விளிம்பைச் சுற்றிச் சிவப்புக் காகிதப் பூ ஒட்டியிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேடைக்கு ஒருவர்தான் என்று சொல்லிவிட்டார்கள். என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அக்கா செருப்பைக் கீழே விட்டு ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலையில் சின்ன மைக் ஒன்றைக் குத்தினார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு பொம்பள மல்லாட்டக் கொல்லைக்குக் காவல் இருந்தாளாம்."

நிறுத்தினாள்.

ஹாலில் சத்தமே இல்லை. எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அக்கா காத்திருந்தாள். அவள் கை மடியில் இல்லாத முறத்தின் விளிம்பைத் தேடியது. அவள் ஏதோ நடிக்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். கை தட்டுவது அக்காவுக்குக் கண்ணால் தெரியும். எங்கள் ஊர்க் கூட்டங்களில் பேச்சு முடிந்தால்தான் கை தட்டுவார்கள். போதும் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, கும்பிட்டபடி நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. மேடையின் ஓரத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜமக்காளத்துக்குக் கீழே பெஞ்சுப் பலகை இருந்தது. விரல் முட்டியால் அதில் இரண்டு தட்டு தட்டினேன். அக்காவின் வெறுங்கால் பலகையில் இருந்தது. அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். திரும்ப உட்கார்ந்தாள்.

என் முதுகுதான் கூட்டத்துக்குத் தெரிந்தது. ஒரு முகத்தையும் நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் என்னால் முடிந்தது என்று நினைக்கிறேன்.

அக்கா சொன்ன கதையை நான் அதுவரை கேட்டதில்லை. கொல்லைக்குக் காவல் இருந்தவளிடம் தினம் ஒரு நரி வரப்பில் நின்று, முழித்துக்கொண்டிருக்கிறாயா என்று கேட்குமாம். இவள் ம் என்பாளாம். நரி போய்விடுமாம். ஒரு நாள் இவளுக்கு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் போல இருந்ததாம். கிணற்றடியில் இருந்த தவளையைக் கூப்பிட்டு, நரி கேட்டால் எனக்குப் பதிலாக நீ ம் என்று சொல், வேறொன்றும் சொல்ல வேண்டாம் என்றாளாம். வேறொன்றும் தவளைக்குச் சொல்லவும் தெரியாதாம். நரி வந்தது. முழித்துக்கொண்டிருக்கிறாயா என்றது. தவளை ம் என்றது. நரிக்கு என்னமோ சந்தேகம். மல்லாட்டையை நான் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது.

இந்த இடத்தில் அக்கா நிறுத்தி, என்னைப் பார்த்தாள். நான் தட்ட வேண்டும். வழக்கம் போல வாயிலும் ம் வந்துவிட்டது. ஹால் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. அக்காவும் சிரித்துக்கொண்டே மேலே போனாள். செடியோடு பிடுங்கிக்கொள்ளட்டுமா, ம். என் பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிவரட்டுமா, ம். நாளைக்கும் வரட்டுமா, ம். காலையில் வந்து பார்த்தால் கொல்லை மொட்டையாக இருந்ததாம். என்ன செய்தாய் என்று தவளையைக் கேட்டாளாம். நீ சொன்னதைத்தான் செய்தேன், நீயும் தினம் அதைத்தானே செய்துகொண்டிருந்தாய் என்றதாம் தவளை. அவளும் ம் என்றாளாம்.

கை தட்டல் அடங்க நேரமாயிற்று. இதோடு இறங்கிவிட்டால் போதும் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் கேள்வி நேரம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு காலேஜ் பெண் எழுந்து, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பாட்டிமா, இந்தக் கதைய யார்கிட்ட கேட்டீங்க?"

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ம் என்றாள். கூட்டம் சிரித்தது, தவளை மாதிரி வேண்டுமென்றே சொல்கிறாள் என்று. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டாள். அக்கா மறுபடி ம் என்றாள். மூன்றாவது தடவை அவள் கேட்டபோது, இதற்கு மேல் ம் செல்லாது என்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சாப்ட்டாச்சும்மா" என்றாள்.

சிரிப்பு கூரையில் மோதியது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அக்காவும் சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் மகன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் என் கண் அந்தப் பெண்ணின் மைக்கில் நின்றது. மைக் அவள் வாயை மறைத்திருந்தது. டீச்சர் பேசும்போது அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. கண்டக்டரின் கையும் முகமும் ஞாபகம் வந்தது. நான் பேசும்போது உதட்டைப் பிரிக்கவே மாட்டேன், பாதி நேரம் சேலைத் தலைப்பு வேறு வாயில் இருக்கும். வாயைத் திறந்து பேசு, வாயைத் திறந்து பேசு என்று அக்கா இரண்டு வருடமாகச் சொன்னது வசவு இல்லை. என்னிடம் உதவி கேட்டிருக்கிறாள். ஊர் முழுக்க அதைச் சொல்லி நான் கேட்டிருந்ததால், அவள் சொன்னதும் அதே பேச்சு என்று எடுத்துக்கொண்டு நாலு நாள் முறத்தை மாற்றி உட்கார்ந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் குழாயடியில் மகன் என்னைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் வேப்பமரத்தடியில் அக்காவை நடுவில் நிற்கவைத்து இரண்டு மூன்று பெண்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தி, அம்மாவுக்குக் காது கேக்கலயா?"

நான் ம் என்றேன்.

"ம்முன்னா? கேக்குதா, கேக்கலயா?"

அவன் கேட்டது நியாயம்தான். தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். கேட்கவில்லை, இரண்டு வருடமாக என்று சொன்னேன். உங்களுக்குத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அவன் கோபமாகக்கூட இல்லை. குரல் உடைந்திருந்தது. இருநூறு பேர் என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் முதலில் சிரித்தேன் சித்தி என்றான். இன்றைக்கே ஊருக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்றான்.

எனக்கு உதடு ஒட்டிக்கொண்டது. எப்போதும் போல. ஒரு ம் சொன்னால் முடிந்துபோகும், அவன் போய்விடுவான். மூன்றாவது மாடி ஞாபகம் வந்தது. முறத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்ட பெண் ஞாபகம் வந்தாள்.

"கூட்டிக்கினு போவாதப்பா" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. குழாயடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அங்க நாள் முழுக்க யாரு மூஞ்சப் பாத்துக்கினு இருக்கும்? வாயப் பாத்துத்தான் அது கேக்குது. ஊர்ல பேசறதுக்கு ஆள் இருக்குது. காதுக்கு இன்னா பாக்கணுமோ இங்கயே பாக்கலாம். ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போறேன். டாக்டர் கேக்கறதுக்கு நான் பதில் சொல்றேன்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். சின்ன வயதிலிருந்தே என்னைப் பார்த்து வளர்ந்த பிள்ளை.

"நீங்க, டாக்டர்கிட்ட பேசுவீங்களா சித்தி?"

"பேசுவேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு, முதலில் ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம், மற்றதை அப்புறம் பேசலாம் என்றான். ஒத்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது. தள்ளிவைத்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தவளைக் கதை எங்கே கேட்டது என்று, அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். முறத்தைச் சுவரில் பார்த்தேன், கதை வந்தது என்றாள். உன்னைத் தெரியாதா எனக்கு, ம் என்று சொல்லித்தான் கொடுத்திருப்பாய் என்றாள். முறத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. ரொம்ப நேரம் சிரித்தோம்.

கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்.

"மரத்தாண்டருந்து பாத்துக்கினுதான் இருந்தேன், எம்புள்ளகிட்ட நீ பேசுனத. இன்னைக்குத்தான்டி வாய தொறந்து பேசுன. ஒண்ணு உடாம கேட்டுது."

ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போனோம். முதல் தடவை டாக்டர் கேட்டதற்கு எனக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனால் பதில் சொன்னேன். காதில் மாட்டும் மிஷின் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அதை வீட்டில் மாட்டிக்கொள்கிறாள், கடைக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிறாள். கொட்டகைக்கு வந்ததும் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். ஏழெட்டுப் பேர் மல்லாட்டை உடைக்கிற சத்தம் அதில் பட்டாசுக்கடை தீப்பிடித்த மாதிரி இருக்கிறதாம். முறத்தை டீச்சர் மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். சிவப்புப் பூவில் ஒன்று இன்னும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிய்த்தால் பசையோடு நாரும் வரும் போல இருந்ததால் விட்டுவிட்டோம்.

மகன் மாதம் ஒரு முறை வருகிறான். உடைக்கிற நாளாக இருந்தால் நேராகக் கொட்டகைக்கு வந்து, அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக அம்மா என்று கூப்பிட்டுப் பார்க்கிறான். சோதிக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். மிஷினைக் கழற்ற மறந்திருந்தால் அவளுக்குக் கேட்கிறது. மற்ற நாள் கேட்பதில்லை. எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன். என் விரல் முறத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் போதும், அக்கா திரும்பிவிடுவாள், அவனும் நிம்மதியாகப் போய்விடுவான். நான் தட்டுவதில்லை. அவள் நிமிரும்வரை காத்திருந்து, அவன் பார்க்கும்படியாகவே வாயைத் திறந்து சொல்கிறேன்.

"அக்கா, உன் புள்ள வந்து நிக்கறான் பாரு."